ஆறு நிமிட நடை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆறு நிமிடம் நடக்கவைத்து, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பதுதான் இந்த ஆய்வில் என் வேலை; ஆய்வு முடிந்த பிறகுதான் நான் ஊர் திரும்ப முடியும். நிமிடத்துக்கு ஒருமுறை, "நல்லா நடக்குறீங்க, இன்னும் இத்தனை நிமிஷம்தான்" என்பேன். வேறு பேச்சுக்குச் சோதனை விதியில் இடமில்லை.

நேற்று ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேன். அடி ஒன்றுமில்லை, பயப்படாதே. அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு தையல்காரப் பெரியவர் சோதனையைப் பாதியில் விட்டு வந்து, என்னைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கூட்டிப்போனார். "நல்லா நடக்குறம்மா, இன்னும் நாலே அடிதான்" என்றார். சிரித்துவிட்டேன்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். கெட்டியான காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் ஒரு வரி: "நல்லா நடக்குற, இன்னும் பதினாலு மாசம்தான்."

உன் மகள்