எடை கேட்டு வாங்குங்கள்

என்னங்க, உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். நேற்று இங்கே கட்டட சைட்டில் சாமான் கணக்குப் பார்க்கும் ஸ்டோர்காரர், லாரி டிரைவர், கொத்தனார், டீ கொடுக்கப் போன நான், இவ்வளவு பேர்தான் இருந்தோம். கான்கிரீட் தளத்துக்குள் வைக்க வந்து இறங்கிய கம்பி வலையை ஸ்டோர்காரர் எடை போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"நல்லாத்தானே இருக்கு? விலையும் குறைச்சல்னீங்க" என்றேன்.

"கம்பியோட பருமன், கட்டத்தோட அகலம், துருப் பிடிக்காத பூச்சு, லாரி வாடகை, எல்லாம் சேந்ததுதாம்மா விலை. இதுல கம்பி மெலிசு. அதான் சல்லிசா குடுக்கறான்" என்றார்.

வலையைத் திரும்ப ஏற்றும்போது கம்பி முனை என் காலில் லேசாகக் கீறியது. ஆறிவிட்டது.

அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மாதம் போடும் நம் மாடித் தளத்துக்கு, இதே வலையை ஷீட் கணக்கில் விலை கேட்டிருக்கிறீர்கள். எடையைக் கேளுங்கள். அந்தக் கம்பியில் விரல் நீளம் ஒரு துண்டு வெட்டிக் கவரில் அனுப்புங்கள், தொட்டுப் பார்க்கிறேன். கூடவே கடிதமும் வையுங்கள், நாலு வரியோடு நிறுத்தாதீர்கள்.

டீ நேரமாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். அந்தத் தளத்தின் கீழேதான் பேத்தி படுக்கப்போகிறாள். ஒன்பது வருடத்துக்கு முன், மெலிசு வலை போட்ட கூடத்துத் தளம் பெயர்ந்து அவள் தொட்டில் ஓரத்தில் விழுந்தது. இந்தத் தடவை கடைக்கு நீங்களே போங்கள். விற்ற கடைக்காரரைக்கூட விட்டுவிடுவேன். அந்த வலையை வாங்கி வந்துவிட்டு, தளத்தில் விரிசல் கண்டபோது "வெயில்ல விரியறது சகஜம் அண்ணி" என்று சிரித்த உங்கள் தம்பியை மன்னிக்க மாட்டேன்.