பந்து ஏறினால் போதாது

இஞ்சாருங்கோ,

நான் வேலைக்குப் போட்டு வாறன். கஞ்சி குசினியில மூடி வச்சிருக்கு. சூடாக்கிக் குடியுங்கோ.

ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சிக்குத் தந்த மூண்டு பந்துக் கருவியை நீங்கள் கவிட்டுப் பிடிச்சு ஊதுறதை நேற்றுக் கண்டனான். ஊதினாலும் பந்து ஏறும், ஆனா நெஞ்சு விரியாது. நிமிர்த்திப் பிடிச்சு மூச்சை உள்ள இழுங்கோ. பிறகு வயித்துத் தையலில தலகாணியை அமத்திக்கொண்டு இருமுங்கோ. நோகுமெண்டு சளியை உள்ள வச்சிருந்தால் நியூமோனியா வந்து திரும்பவும் ஆஸ்பத்திரிதான்.

தேவராஜா அண்ணை பிளாக்டவுனிலயிருந்து பின்னேரம் பார்க்க வருவார். "வருத்தக்காரன் ஏனப்பா எழும்பினனீ, படு" எண்டுவார். ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையிலயே நிமிர்ந்து இருங்கோ.

நேற்று மத்தியானம் தட்டி எழுப்பினதுக்கு என்னைப் பொலிஸ்காரி எண்டு கத்தினீங்கள். கோபம் இன்னும் ஆறேல்லை.

நிரூபா

பி.கு: கலியாணம் கட்டின நாளிலயிருந்து உங்கட குறட்டையோட சண்டை பிடிக்கிறன். ஒப்பரேசனுக்குப் பிறகு, நோவுக்குத் தந்த குளிசையைப் போட்டுட்டுப் படுத்தால் அது இடையில நிண்டுபோகுது, மூச்சும் நிக்குது. அதுக்குத்தான் எழுப்பினனான். பின்னேரம் டொக்டருக்குச் சொல்லுறன். அதுவரைக்கும் அந்தக் குளிசையைத் தொடாதேங்கோ, வடிவாக் குறட்டை விடுங்கோ.