மூலைப் பெட்டியின் அளவு

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. டிவியில். மாலைச் செய்தி ஓடும்போது திரையின் கீழ் மூலையில், ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்றபடி எல்லாவற்றையும் சைகை மொழியில் சொல்வார்களே, இனி அது என் மகள். பதினாறாம் தேதியிலிருந்து. இருபத்து நான்கு வயதாகிறது, எங்களுக்குப் பாப்பாதான்.

அவள் அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால் பாப்பா முதலில் பேசியது கையால்தான். வாய் பிறகுதான் திறந்தது, திறந்தது இன்றுவரை மூடவில்லை. எனக்கு வீட்டுக்கும் தையல் கடைக்கும் வேண்டிய சைகைகள் தெரியும். அம்மாவும் மகளும் வேகமெடுத்துவிட்டால் நான் வெளியூர்க்காரன்.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அழவில்லை, சிரிக்கவில்லை. "எவ்வளவு பெருசா தெரிவா?" என்று கேட்டாள். (கையால்தான். இவள் சொன்னதாக இங்கே நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னதே.)

மார்ச் 4, புதன்

எங்கள் டிவியின் லட்சணத்தை இன்று பார்த்தோம். மூலைப் பெட்டி தீப்பெட்டி அளவு இருக்கிறது. உள்ளே யாரோ கொசு விரட்டுவது போலத் தெரிகிறது.

இவள் டிவி பார்ப்பதே இல்லை. "வாய் வாயாத் திறந்து மூடுது, அதுல என்ன இருக்கு" என்பாள். கூடத்தின் நடுவில் இருக்கும் தன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். செய்தியில் நான் வாய் பிளந்தால் மட்டும் என் தோளைத் தட்டி என்னவென்று கேட்பாள். நான் ஒரு விரலைக் காற்றில் உருட்டுவேன். எங்கள் வீட்டில் அதற்கு 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம். அப்புறம் 'வெள்ளம்' என்றோ 'தேர்தல்' என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன்.

கிட்டே போய் உட்கார்ந்து பாரேன் என்றேன். முறைத்தாள். "மூக்கை ஒட்டிப் பாக்க நான் என்ன ஊசியில நூலா கோக்கறேன்? எல்லா அம்மாவும் நாற்காலியில சாஞ்சுக்கிட்டுதானே பாப்பாங்க. நானும் அப்படித்தான் பாப்பேன். ஒரு வார்த்தை விடக் கூடாது."

அப்படியானால் புது டிவி. எவ்வளவு பெரியது?

மார்ச் 6, வெள்ளி

ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். மச்சான் வந்தான், இவள் தம்பி. "அறுபத்தஞ்சு போடுங்க மாமா. வீட்டுக்கு வர்றவன் அசந்து போகணும்." டிவி கடைக்காரர், "ஒம்பதடி தள்ளி உக்கார்றீங்கன்னா நாப்பத்தி மூணே தாராளம் சார்" என்கிறார். ஒருவருக்கு வருகிறவன் கவலை, இன்னொருவருக்கு அடிக்கணக்கு. இவளுடைய கண்ணுக்கு எது சரி என்று யாரைக் கேட்பேன்?

டேப்பை எடுத்துச் சுவரை அளந்தேன். அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே ஐம்பது இஞ்சு. ஐம்பத்தைந்தே நுழையாது, இதில் அறுபத்தைந்தாம். மச்சானுக்குத் தலையணையைக் கொடுத்துத் தூங்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

யோசனை இவளுடையது. நாற்காலியிலிருந்து டிவி சுவரும் ஒன்பதடி, சன்னலும் ஒன்பதடி. சன்னலுக்கு வெளியே எங்கள் தெரு நூல் பிடித்தது போல நேராகப் போகிறது. "பாப்பா பேசிக்கிட்டே பின்னால நடந்து போகட்டும். எந்த இடத்துல எனக்குப் புரியாமப் போகுதோ அங்க நிறுத்து. சன்னல் கண்ணாடியில அப்ப அவ எவ்வளவு உயரம் தெரியறாளோ, அதுதான் அளவு."

அட, இதை நான் யோசித்தேனா? அளவெடுத்துப் பிழைக்கிறவன் நான்.

பாப்பா எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள், கை பேசிக்கொண்டே இருந்தது. இவள் நாற்காலியில் சாய்ந்தபடி ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னாள். முதல் வீட்டு வாசலில் மகள் ஏதோ அணை, ஏதோ அமைச்சர் என்று செய்தி படித்தாள். அடுத்த வீட்டு வாசலில் என் மூக்குக் கண்ணாடியைக் கிண்டல் செய்தாளாம். அந்த தூரத்தில் எனக்கு மகளின் முகமே கலங்கலாகத்தான் தெரிந்தது. அதற்கும் அப்பால் போய், "பயமா இருக்கும்மா" என்றாளாம். அதையும் இவள் வாங்கிக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பதடிக்குள் நான் சொன்ன ஒற்றை வார்த்தைகளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்தவள், இரண்டு வீடு தாண்டி ஒரு பெண்ணின் பயத்தைப் படிக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் இவள் கையைத் தூக்கினாள். "நிறுத்து. கை தெரியுது, புருவம் போயிடுச்சு. வர்றேன்னு சொல்றாளா, வரட்டுமான்னு கேக்கறாளா, தெரியல."

கேள்வி புருவத்தில் இருக்கிறதாம். இது எனக்கு இன்றுதான் தெரியும்.

பாப்பாவை ஓரடி முன்னால் வரச் சொல்லிவிட்டு, துணியில் குறி போடும் சோப்புத் துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடியருகில் நின்றேன். இவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மேலே, கீழே என்று கை காட்ட, உச்சந்தலைக்கு ஒரு கோடு, மூலைப் பெட்டியில் இடுப்பு வரைதான் தெரியும் என்பதால் இடுப்புக்கு ஒரு கோடு போட்டேன். நடுவே ஆறே முக்கால் இஞ்சு. எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

ஒரு சட்டைக்குக் காலரைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். மனசு தெருவிலேயே நிற்கிறது.

மார்ச் 11, புதன்

மூலைப் பெட்டி திரையின் உயரத்தில் கால்வாசி. ஆறே முக்காலை நான்கால் பெருக்கினால் இருபத்தேழு. கடையில் போய், "இருபத்தேழு இஞ்சு உயரத்துல டிவி குடுங்க" என்றேன். உயரம் சொல்லி டிவி கேட்ட முதல் ஆள் நான்தானாம். அளந்து பார்த்து, "அது அம்பத்தஞ்சுல வரும் சார்" என்றார்.

சுவர் ஐம்பதுதானே? போச்சு, எல்லாம் போச்சு. அலமாரியை உடைப்பதா, கதவை நகர்த்துவதா என்று என்னென்னவோ புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே என் டேப்பை வாங்கி, மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குக் கோணலாகப் பிடித்தார். ஐம்பத்தைந்து. அகலத்தில் பிடித்தார். நாற்பத்தெட்டு.

எந்த மனுஷனய்யா குறுக்கே அளப்பான்? தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு டேப் பிடித்துச் சட்டை தைத்தால் என் கடைக்கு ஒருத்தன் வருவானா? ஆனால் பக்கத்துக்கு ஒரு இஞ்சு விட்டு நுழைந்துவிடும். கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

டிவி மாட்டியாயிற்று. கூடத்துக்குள் இன்னொரு சன்னல் முளைத்தது போல இருக்கிறது. பாப்பாவுக்குக் கரும்பச்சையில் பூ, கோடு எதுவும் இல்லாமல் சட்டை தைத்தேன். அப்போதுதான் கை எடுப்பாகத் தெரியுமாம். சன்னலில் இருந்த சோப்புக் கோடுகளைத் துடைக்கப் போனேன். இவள் என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

மார்ச் 16, திங்கள்

வந்தாள். மூலையில், கரும்பச்சையில், என் மகள்.

நான் செய்தியைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, சொன்னபடியே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுருங்கியது, விரிந்தது. எதற்கோ உச்சுக்கொட்டினாள். பிறகு டிவியைப் பார்த்தே கையை வீசித் திட்ட ஆரம்பித்தாள்: "அணையத் திறக்கப் போறோம்னு முந்தின நாளே சொல்ல மாட்டாங்களா? கீழ இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" இருபத்தாறு வருஷத்தில் இவள் செய்தியோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சத்தியமாக, எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

முடிந்ததும் பாப்பா போனில், வீடியோவில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எல்லாம் தெரிஞ்சுதாம்மா?"

"மத்தியானம் நீ சாப்பிடல. முகத்துலயே தெரிஞ்சுது. சட்டை இடது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கு, அது உங்கப்பா வேலை. மத்தபடி ஒரு வார்த்தை விடல."

பாப்பா அழுதுவிட்டாள். நானும்தான். தோளை நாளைக்குப் பிரித்துத் தைக்க வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

கடையை அடைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. இவளுக்கு எதற்குச் சத்தம்? திரையில் ஒரே புகை, கூட்டம், ஓடுகிறார்கள். மூலையில் பாப்பாவின் கைகள் பறக்கின்றன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டதால் அடியில் ஓடும் எழுத்தும் தெரியவில்லை.

இவள் தோளைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு விரலைக் காற்றில் உருட்டினாள்.

சரி என்று முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.