தோற்றவர் நட்ட வரிசை

விடுநர்:
ம. மலர்கொடி, பத்தாம் வகுப்பு,
த/பெ மருதையன், குத்தகை விவசாயி,
கீழத்தெரு, நெட்டிக்கரை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
தாசில்தார் அவர்கள்,
குத்தகை உரிமைப் பதிவு விசாரணை,
வட்ட அலுவலகம்.

இடம்: நெட்டிக்கரை
நாள்: 4-11-1970, இரவு

பொருள்: வருகிற வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரும் எங்கள் குத்தகை நிலத்தில் காலஞ்சென்ற திரு. தியாகராஜன் நாற்று நட்டது பந்தயத்தில் தோற்றதற்காகத்தான், பண்ணைச் சாகுபடிக்காக அல்ல என்பதைத் தங்களுக்கு மட்டும் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தாங்கள் ஒருவர் மட்டுமே படிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலக எழுத்தரிடமோ, எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையிடமோ, விசாரணைக்கு வரும் என் தந்தையிடமோ காட்ட வேண்டாம். படித்ததும் கிழித்துவிட்டாலும் சம்மதமே. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி விளக்கை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

1. ஆற்றங்கரையை ஒட்டிய மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நிலத்தை என் தந்தை குத்தகைக்குப் பயிரிட்டு வருகிறார். நிலம் திரு. நாகநாதன் அவர்களுடையது. உழுகிறவன் பெயரை ஏட்டில் ஏற்றச் சட்டம் வந்திருப்பதாகக் கட்சிக் கூட்டத்தில் மைக்கில் சொன்னதைக் கேட்டு, என் தந்தை தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். அதற்குப் பிறகு திரு. நாகநாதன் அவர்களின் பண்ணை வீட்டிலிருந்து எங்களுக்கு எந்த வேலையும் வரவில்லை. நிலம் தன் சொந்தச் சாகுபடியில் இருப்பதாக அவர் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார். பதிவு ஆகாவிட்டால் அறுவடைக்கு முன்பே எங்களை வெளியேற்றிவிடுவார்கள்.

2. என் அண்ணன் வீரையன் பஸ் கம்பெனி அணிக்குச் சடுகுடு ஆடுகிறார். கம்பெனிப் பதிவில் அவர் கிளீனர். உண்மையில் ஆட்டத்துக்காகத்தான் மாதச் சம்பளம். திரு. நாகநாதன் அவர்களின் அக்காள் மகன் தியாகராஜன், மாமாவின் ரைஸ்மில் அணிக்கு அதே போலச் சம்பளத்துக்கு ஆடினார். அவரை எல்லோரும் தியாகு என்பார்கள். மாவட்ட லீக்கில் இருவரும் எதிரெதிர் அணி, ஆனால் நண்பர்கள். களத்துக்குள் ஒருவரையொருவர் ‘டா’ போட்டுப் பேசுவார்கள். ஊருக்குள் வந்தால் அண்ணன் அவரைச் ‘சின்னவரே’ என்பார். அவர் அதற்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

3. லீக்கில் யாருடைய அணி தோற்கிறதோ அவர் மற்றவருக்கு ஒரு நாள் வேலை செய்து கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் இடையே இருந்த பந்தயம். காசும் இல்லை, பொருளும் இல்லை. போன வருடம் அண்ணன் தோற்றார். பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையை நாள் முழுவதும் சாணி அள்ளிக் கழுவினார். பார்த்தவர்கள் யாருக்கும் அது பந்தயமாகத் தெரியவில்லை. எங்கள் தெரு ஆள் வழக்கமாகச் செய்கிற வேலையாகத்தான் தெரிந்தது. இந்த வருடம் ஆவணியில், திருவிடைமருதூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரைஸ்மில் அணி தோற்றது. தியாகு எங்கள் வாசலுக்கே வந்து, “என்ன வேலைடா, சொல்லு” என்றார். “நடவு இருக்கு. பொம்பளைங்களோட வரிசையில நிக்கணும், முடியுமா?” என்று அண்ணன் கேட்டார். “நிக்கிறேன்டா. சிரிக்கக் கூடாதுன்னு ஒங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லி வை” என்றார். எங்கள் பக்கத்தில் ஆண்கள் நாற்று நடுவதில்லை என்பது ஐயா அறிந்ததே.

4. புரட்டாசியில் சம்பா நடவன்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். என் அம்மா எல்லையம்மாளுக்கும், எங்களோடு நடவுக்கு வந்த ஜெயா அக்காவுக்கும் நடுவில் நின்றார். ஊரே வரப்பில் வந்து நின்று பார்த்தது. நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர வேண்டும். அவர் முன்பக்கமாக நடந்து, நட்டதையே மிதித்தார். “களத்துல பாயுறவரு, இங்க பின்னாடி வரணும் சின்னவரே” என்று பெண்கள் கேலி செய்தார்கள். பின்னால் வந்தபோது வரப்பில் இடறி மல்லாந்து விழுந்தவர், படுத்தபடியே, “கோட்டத் தொட்டாச்சுக்கா, நான் அவுட்டு இல்ல” என்றார். நாற்றை முழங்கை நனைய அழுத்தி நட்டார். அதைப் பார்த்த ஜெயா அக்கா, “நாத்து நடச் சொன்னா பொணத்தப் பொதைக்கிற மாதிரி பொதைக்கிறீங்களே” என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஜெயா அக்கா இப்போது அந்த வரப்பு வழியே வருவதில்லை.

5. இந்த நடவைத்தான் திரு. நாகநாதன் அவர்கள் தம் ஆட்சேபணையில் சாட்சியாகக் காட்டியிருக்கிறார். தம் அக்காள் மகனே வயலில் இறங்கி நடவை நடத்தினான், ஊரே பார்த்தது, ஆகவே இது பண்ணைச் சாகுபடி என்கிறார். ஊரே பார்த்தது உண்மைதான் ஐயா. அன்று எங்கள் வயலில் நடந்த ஒரு வேடிக்கை இப்படி எங்கள் நிலத்தின் மேல் வந்து விழும் என்று யாரும் நினைக்கவில்லை.

6. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தாங்கள் கேட்கக் கூடும். மாவட்டச் சடுகுடுக் கழகத்தின் விதி ஒன்றை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் மைக்கில் வாசிப்பார்கள். ஆட்டக்காரர் தமக்குள்ளோ பிறரிடமோ எந்த விதமான பந்தயமும் கட்டினால் ஆயுள் முழுவதும் ஆடத் தடை. தடை வந்தால் பஸ் கம்பெனி அன்றைக்கே அண்ணனை நிறுத்திவிடும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் உலை வைப்பது அந்தச் சம்பளத்தில்தான். கழகத்தின் செயலாளர் வேறு யாருமல்ல, திரு. நாகநாதன் அவர்களே. பந்தயம் என்று சொன்னால் ஆட்டம் போகும். சொல்லாவிட்டால் நிலம் போகும். முதலாளிகள் மேடையில் உட்கார்ந்து ஆட்டத்தின் மேல் நெல் மூட்டை மூட்டையாகப் பந்தயம் வைக்கிறார்கள். விதி அவர்களுக்கு இல்லையா என்று கேட்க எனக்கு வயது போதாது. ஆட்டத்தை விற்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி என்று எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சேற்றில் நின்றவர் எதை விற்றார்?

7. ஆட்சேபணையின் விவரம் தெரிந்த அன்று மாலை தியாகு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வாசலில் நின்றபடி என் தந்தையிடம், “நீங்க பயப்படாதீங்க. நானே தாசில்தார்கிட்ட வந்து பந்தயம்னு சொல்லிடுறேன். எனக்குத் தடை போடட்டும், மாமாவுக்குத்தான் நஷ்டம்” என்றார். குரலைத் தணித்துச் சொல்லவில்லை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அவரை நாங்கள் உயிரோடு பார்க்கவில்லை. கீழ் மதகின் பலகையில் வந்து ஒதுங்கிக் கிடந்தார். குளிக்கப் போய் மூழ்கிவிட்டதாகச் சொல்லி அன்றே எரித்துவிட்டார்கள். வெள்ளக் காலத்தில் வீரசோழன் ஆற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடந்தவர் அவர். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

8. இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. அவர் நட்ட வரிசை மட்டும் வயலில் கோணலாக, குத்துக் குத்தாக நிற்கிறது. மற்றப் பயிரைவிடக் கருத்திருக்கிறது. அம்மா அது வரைக்கும் களை எடுத்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போகிறார். இரவில் வாய்க்கால் பக்கமிருந்து யாரோ மூச்சு விடாமல் சடுகுடு பாடுவது கேட்கிறது. தவளை என்கிறார் அம்மா. தவளைகள் நடுவில் ஓயும், இது ஓய்வதில்லை. பாடுகிறவர் கோட்டுக்குத் திரும்பிவிட்டால் மூச்சு விடலாம் என்பதுதான் ஆட்டம். அவர் இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது. அண்ணனுக்கும் அது கேட்கிறது என்று நினைக்கிறேன். பாயில் படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார்.

9. அண்ணன் நேற்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “வேல போனாப் போவுது. தியாகு சொல்ல இருந்தத வெள்ளிக்கிழம நான் சொல்றேன்.” கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்களாம். அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அதனால்தான் ஐயா இந்த மனு. அண்ணன் சொல்ல வேண்டியதை அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டால், அவர் சொல்லாமல் இருக்கலாம் அல்லவா?

10. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறை நேரில் வந்து வயலைப் பார்க்க வேண்டுகிறேன். பந்தயம் என்ற வார்த்தையை எழுதாமலேயே உண்மையை எழுதலாம். அந்த ஒரு வரிசையையும் மற்ற வரிசைகளையும் பார்த்தால் போதும். அப்படி நட்டவர் அதற்கு முன்னும் பின்னும் வயலில் இறங்கியதில்லை என்று தங்களுக்கே தெரியும். நடவுக் கூலி யார் கொடுத்தார்கள் என்று பெண்களைத் தனித்தனியாக, கணக்குப்பிள்ளை இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். என் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். அவரே வந்து நின்றாலும், தேவையில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். விசாரணை முடியும் வரை எங்கள் தெருவுக்கு ஒரு போலீஸ்காரரையாவது

ஐயா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேன் வந்திருக்கிறதாம், ஆட்டத்துக்கு ஆள் குறைகிறதாம், உடனே கிளம்ப வேண்டுமாம். மழைக் காலத்தில் லீக் ஆட்டமே கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும். என் பக்கம் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா எழுந்துவிட்டார். அண்ணன் தாழ்ப்பாளில் கை வைத்து