கதையில் வந்த சாவி

3-7-76, சனி
குளிர், தூறல். இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். டண்டினொங் கடைக்கு அரிசி வந்தது. மூட்டைகளை நான் தனியாகத்தான் இறக்கினேன். பங்காளி ஆ செங் பின்னறையில் கதை எழுதுகிறான். மாணவர்கள் அச்சடிக்கும் சீன வாரத்தாளுக்குத் தொடர்கதையாம். விற்பது நம் கடையில். வாங்குகிறவர்கள் என் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சீனம் பேச வரும், வாசிக்க வராது. என் மனைவி சரசு எங்கள் பழைய ஊர் ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்தவள். வாசிக்கச் சொன்னேன்.

"முதல்ல கூரை மேல மழைங்க. அப்புறம் தெரு. அப்புறம் கிட்டப் போயி ஒரு கை மட்டும். சிவப்புக் கல்லு மோதிரம். மூஞ்சியே காட்டல."

"யாரு கை?"

"கெட்டவன் கை. கடை முதலாளி."

என் விரலிலும் சிவப்புக் கல்.

"நல்லா எழுதுறாருங்க," என்கிறாள். வாயை மூடு என்றேன்.

10-7, சனி
காற்று. புளி தீர்ந்தது. சரசு வாசித்த கதை: மேசையில் சாவி. கூட்டாளியின் கண். மறுபடி சாவி. சினிமாக்காரன் போல வெட்டி வெட்டிக் காட்டுகிறான். கடைசியில், சாவி யாருக்கு என்று அடுத்த வாரம் கேளுங்கள் என்கிறான்.

ஈப்போ சந்தையில் தைலம் விற்ற சீனக் கிழவன் பழைய ராஜா கதை சொல்வான். வாளை ஓங்கியதும் நிறுத்துவான், தட்டு வரும். எத்தனை காசு போட்டிருப்பேன்! அதே வித்தை, இப்போது கேமரா வைத்து. ஆனால் கிழவன் ஒரு பொருளைச் சும்மா காட்ட மாட்டான். இந்தச் சாவி எதைத் திறக்கப்போகிறது? கடைச் சாவி என்னிடம் ஒன்று, ஆ செங்கிடம் ஒன்று.

ஆ செங் அங்கே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன், தமிழ் நம்மைப் போலவே பேசுவான். கேட்டேன்.

"யாருடா அந்த மோதிரக்காரன்?"

"கதைதானே லா, அண்ணே."

"சாவி எதுக்கு?"

"சனிக்கிழமை வாங்கிப் படி. உனக்கும் அதே விலைதான்."

14-7, புதன்
பக்கத்து ஊர் ஸ்பிரிங்வேலில் ஆ செங் காலிக் கடை பார்த்தானாம். லாரிக்காரன் சொன்னான். புரிந்துவிட்டது. சரக்கை அள்ளிக்கொண்டு தனியாகப் போகப் பார்க்கிறான். குத்தகை என் பெயரில். அவன் பங்குக்கு எழுத்து எதுவும் இல்லை. மாலையில் பூட்டை மாற்றினேன்.

சரசு: "கதைய நம்பியா பூட்ட மாத்துனீங்க?"

15-7, வியாழன்
உறைபனி. விளக்குப் போடாமல் கடைக்குள் நின்றேன். ஆ செங் வந்தான். சாவியைப் போட்டான், திரும்பவில்லை. மறுபடி போட்டான்.

"உள்ளதானே இருக்க, அண்ணே. கண்ணாடியில மோதிரம் தெரியுது."

கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ஸ்பிரிங்வேல் கடை நம்ம ரெண்டு பேருக்கும்தான் பார்த்தேன். கதையில மோதிரக்காரன் கூட்டாளிகிட்ட சாவியக் குடுத்து நல்லவனாயிடுவான்னு எழுதி வெச்சிருந்தேன். அத அடிச்சிட்டு வேற எழுதிக்கிறேன்."

பழைய சாவியைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போனான். நான் திறக்கவில்லை. கதை விடுகிறவன் பேச்சை எப்படி நம்புவது?

17-7, சனி
மழை. வாரத்தாள் நம் கடைக்கு வரவில்லை. சோப்புப் போட்டும் மோதிரம் கழலவில்லை. சரசு எங்கேயோ தாள் வாங்கி வந்து, சமையலறையில் தனியாக வாசித்தாள்.

"என்னாச்சு அந்தக் கைக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்று பக்கத்தைத் திருப்பினாள்.