பதினான்காம் வரிசை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் இரண்டும் நீங்கலாக.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். வேலை முடியும்வரை எங்கள் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் பேசலாம் என்றால், அம்மாவுக்குக் காது மந்தம்தான், ஆனால் அவள் கேட்கக்கூடாத பேச்சு மட்டும் இரண்டு அறை தாண்டியும் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம். பதிலை ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஐம்பத்து நான்கு முடிந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் வைத்தெடுத்து, தட்டில் அடுக்குகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். ஐம்பத்தெட்டில் உட்கார்ந்துவிட ஆசைப்படுகிறேன். எங்களுக்குப் பென்ஷன் கிடையாது. மாதம் எவ்வளவு சேர்த்தால் இது நடக்கும்? இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாயே, உடன்பிறந்தவளுக்கும் ஒன்று போடு. செலவுப் பட்டியல் இத்துடன் இருக்கிறது. வாடகையிலிருந்து அம்மாவின் மாத்திரை, என் செருப்பு வரை ஒன்றையும் மறைக்கவில்லை. பதிலைத் தாளில் அனுப்பு. போன் திரையில் எண்ணெல்லாம் எறும்பாகத் தெரிகிறது.

அம்மா உன்னைக் கேட்டாள். தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செருப்பை ஏன் வருஷத்துக்கு மூன்று ஜோடி வாங்குகிறாய் என்று புரியவில்லை. மற்றபடி பட்டியல் நேர்த்தி.

கணக்கை ஒரே தாளில், இருபது வரிசையில் போட்டிருக்கிறேன். விலைவாசி வருஷா வருஷம் ஏறும் என்று வைத்துக்கொண்டேன். உன் ஆயுளை எண்பத்தைந்து என்று கொண்டேன். இதுவரை சேர்த்ததோடு, இனி சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு சேர்த்தால் நீ ஐம்பத்தெட்டில் வேலையை விடலாம். இப்போது பதினைந்துதான் சேர்க்கிறாய். கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வாடகை குறைந்த வீடாகப் பார். அந்த மூன்று ஜோடியை ஒன்றாக்கு.

எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. வீட்டுக் கடன் ஒரு பக்கம், பெண்ணின் காலேஜ் இன்னொரு பக்கம். இருந்தாலும் உனக்காக ஒரு முழு விடுமுறை நாளை இதற்கே செலவழித்தேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

விடுமுறை நாளைச் செலவழித்ததற்கு நன்றி. ஆஸ்பத்திரித் தபால் அறையில் உன் கடிதம் பத்து நாள் தூங்கிவிட்டு நேற்றுதான் என் கைக்கு வந்தது.

செருப்பைப் பற்றி: ஈரத் தரையில் எட்டு மணி நேரம் நின்று பார், பிறகு பேசலாம்.

இப்போது பதினான்காம் வரிசை. 'அம்மா (82 வரை)' என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. இன்னும் நான்கு வருஷம். அதாவது சரியாக எனக்கு ஐம்பத்தெட்டு ஆகும்போது அம்மாவின் செலவு நின்றுவிடுகிறது! எப்படியடா உனக்குக் கை வந்தது? முதலில் நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெற்றவளை அத்தனை துல்லியமாக முடித்து வைத்திருக்கிறாய்.

இன்னொன்று. எங்கள் தியேட்டரில் தட்டில் ஒரு இடுக்கி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. உன் தாளையும் அப்படித்தான் எண்ணினேன். அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. தாளில் ஒருத்திதான் இருக்கிறாள். இன்னொருவனை இருபது வரிசையிலும் தேடினேன், காணவில்லை.

அம்மாவைத் தொண்ணூற்றைந்து வரை போட்டு, காணாமல் போனவனையும் கண்டுபிடித்துச் சேர்த்து, திரும்ப அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

எண்பத்திரண்டு நான் வைத்ததில்லை. அது சராசரி ஆயுள் அட்டவணையில் உள்ளது. ஆபீஸில் எல்லோருக்கும் அதைத்தான் போடுகிறோம்; பணம் பாதியில் தீர்ந்துவிடக்கூடாது என்று உனக்கு மட்டும் மூன்று வருஷம் கூட்டினேன். எழுதிய கைமேல் இப்படிப் பாய்ந்தால் நான் என்ன செய்ய?

'காணாமல் போனவன்' என்று குத்திக் காட்டியிருக்கிறாய். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். என் நிலைமை தெரிந்தும் நீ இப்படி எழுதலாமா? இங்கே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவால் ஏற முடியாது என்று நாம் பேசி முடித்த விஷயம்தானே அது.

நீ கேட்டபடி தொண்ணூற்றைந்து வைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் நீ அறுபத்தேழு வரை வேலை செய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டு கணக்கையும் தனித்தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடிதம் தூங்குகிறது என்றாயே, இதை விரைவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்கிறார்களாம், அன்று வந்து சேரும், நீயும் வீட்டில் இருப்பாய்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வீட்டுக்கு வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா தெரியாதா?

உறையை என் தலையணை மேல் வைத்திருந்தாள். பிரித்திருந்தது. "தம்பி ஏதோ அனுப்பியிருக்கான்" என்று மட்டும் சொன்னாள். படித்தாயா என்று கேட்டேன். "எனக்கெங்கே அந்தச் சின்ன எழுத்தெல்லாம் தெரியுது" என்றாள். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

நேற்று அவளுடைய இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எண்ணினேன். எண்ணுவது என் தொழில், கை தானாகவே எண்ணிவிடும். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று இருந்தது. ஒன்பது நாளாக அவள் மாத்திரையைத் தொடவே இல்லை.

கத்தினேன். அவள் கத்தவில்லை. அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அவன் கணக்குல நான் எண்பத்திரண்டுல போயிட்டா உனக்கு அம்பத்தெட்டுல ஓய்வு. இழுத்துக்கிட்டே கிடந்தா நீ அறுபத்தேழு வரைக்கும் நிக்கணும். ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சு நாலு தடவை பாத்துட்டேன். உன் காலை நான் தினமும் பாக்குறேன்டி. வேற வழி இருந்தா நீயே சொல்லு."

அழுதேன். உன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். இந்தக் கணக்கைக் கேட்டவளே நான்தானே.

இரவு மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அம்மா எடுத்தாள். "நல்லா இருக்கேன்டா, நீ சாப்டியா?" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது. நான் அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனால் இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்? மாதா மாதம் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன். பதினான்காம் வரிசையில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாடிதான் இடிக்கிறது, இல்லாவிட்டால் நானே வந்து அழைத்துக்கொண்டு போயிருப்பேன். நம்பு.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இனி இந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. மாடி என்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு தடவை ஏறினா போதுமில்ல? நான் என்ன தினமும் ஆபீஸுக்கா போகப்போறேன்?"

அதோடு அவள் முடிவு செய்துவிட்டாள். இருபதாம் தேதி காலை ரயிலில் நான் அவளை அழைத்து வருகிறேன். மூன்று மாடியிலும் ஒவ்வொரு நாற்காலி போட்டு வை, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். என் முழங்காலுக்கும் அது வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எண்பத்திரண்டுன்னு எழுதினவன் வீட்டுலயே எண்பத்திமூணை முடிக்கிறேன். அதுக்கப்புறம் யோசிக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதம் கழித்து நேற்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமாகவும் இல்லை. வேலை விட்டு வந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்காது. ஆனாலும் போக வேண்டாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கால் சொல்லவிடவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

பதினான்காம் வரிசை இல்லாமல் நானே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு இருபத்தெட்டு சேர்த்தால் ஐம்பத்தெட்டில் உட்கார்ந்துவிடலாம். செருப்பு மூன்று ஜோடிதான், அதில் கைவைக்கவில்லை.

அந்த வரிசையை மட்டும் கத்திரிக்கோலால் நீளமாக வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுச் செலவுத் தாளில் ஒட்டிக்கொள். 82 என்பதை அம்மா பேனாவால் அடித்திருக்கிறாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒன்றும் எழுத வேண்டாம் என்றாள்.

அவள் பெட்டியில் மாத்திரை அறுபது இருக்கும். எண்ணித்தான் வைக்கிறேன். நீயும் எண்ணி வாங்கிக்கொள்.

அக்கா