அம்மாவின் காலும் கோர்ட்டுத் தாளும்

டாப்ஸ் கிரீக், கென்டக்கி
செப்டம்பர் 1994

அன்பு மகள் ரோவீனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அலாஸ்கா குளிரில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ போன் செய்து செய்து அலுத்திருப்பாய், வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். கடன் வசூல் கம்பெனிக்காரர்கள் விடிந்தால் அடைந்தால் கூப்பிடுகிறார்கள்.

போன கோடையில் குளிர்காலத்துக்கு பீன்ஸைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொதிக்கவைக்கும்போது ஜாடி வெடித்து அம்மா கண்ணாடியை மிதித்தாளே, நம் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் தைத்து அனுப்பினார்களே, உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு இருந்தது, லெக்சிங்டன் டாக்டர்தான் எடுத்தார். அந்தத் தையலுக்குத்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் கேட்கிறார்கள். காலைக் கெடுத்தவர்களுக்குக் காசு கிடையாது என்று நான் பதிவுத் தபாலில் மறுத்து எழுதினேன். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, வசூல்காரப் பெண் மார்சி ஒரு நாள் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாளாம், அதிலேயே உருகிப்போய், எங்கள் வீட்டில் யாரும் கடன் வைத்ததில்லை, கொடுத்துவிடுவோம் என்று சொல்லி, உறைக்குள் இருபது டாலரும் பீன்ஸ் ஊறுகாய்ப் பக்குவம் எழுதிய தாளும் வைத்து அனுப்பிவிட்டாள். ஏன்டி என்றால், பாவம் அதுவும் பிழைப்புக்குத்தானே கூப்பிடுகிறது, வெறுங்கையாய் எப்படி விடுவது என்கிறாள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீலம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடனை ஒப்புக்கொண்டதாகத்தான் இனிப் பேசுவார்களாம். கோர்ட்டுத் தாளும் வந்துவிட்டது. தோற்றால் வீட்டின் மேல் கை வைப்பார்களா என்று கேட்டேன், வைக்கலாம் என்றார். பயமாக இருக்கிறது மகளே, உன்னிடம் மறைப்பானேன்.

நேற்று இதோடு நிறுத்தியிருந்தேன். இன்று காலை அம்மா அசந்து தூங்கும்போது காலுறையை விலக்கிப் பார்த்தேன். பழைய புண் வீங்கி, முழங்கால் வரை சிவப்பாகக் கோடு ஓடுகிறது. எத்தனை நாளாக மறைத்தாளோ. உடனே லெக்சிங்டன் போகலாம் என்றேன், இன்னொரு பில் வந்தால் வீடு நிற்காது, வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் அழுதேவிட்டேன். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தேடினாள். வண்டியில் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அங்க நீங்க என் புருஷன்னு சொல்லிடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர், கொண்டாந்து விட்டேன்னு சொல்லுங்க. பில்லு என் பேரோட போவட்டும், வீடு உங்களுக்கு நிக்கட்டும்."

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முடிக்கிறேன். அவளை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். நீங்கள் யார் என்று கேட்டு ஒரு பெண் தாளோடு வந்தாள், சொல்லிவிட்டேன், பில்லுக்கு நான்தான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். அம்மா கேட்டால் நீ காட்டிக் கொடுக்காதே. எங்களைப் பற்றி யாராவது இனிக்க இனிக்க விசாரித்தால் வாயைத் திறக்காதே. கையுறை போடாமல் வலையைத் தொடாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், அவளையும்.

வெர்னாவின் புருஷன்,
உன் அப்பா ஹார்லன்